கார்பன் மோனாக்சைடு வரைபடத்திலிருந்து விண்மீன் பிறப்பை அளப்பது எப்படி

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இளநிலை இயற்பியல் படிக்கும் ஒரு மாணவர், ஒரு மடிக்கணினியும் பைத்தான் மொழியில் சிறிது பழக்கமும் இருந்தால், அருகிலுள்ள ஒரு விண்மீன் மண்டலம் தன் மூலக்கூறு வாயுவை எவ்வளவு வேகத்தில் விண்மீன்களாக மாற்றுகிறது என்பதைத் தாமே கணக்கிடலாம். கணக்கு கடினமானதன்று; ஒவ்வொரு பெருக்கெண்ணும் எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது என்பதை மறவாதிருப்பதுதான் கடினம்.

விண்மீன்கள் பிறக்கும் மேகங்களில் பெரும்பங்கு ஹைட்ரஜன் மூலக்கூறு. சமச்சீரான அந்த மூலக்கூறு எளிதில் கதிர்வீசுவதில்லை. அது சுழல்வதால் வீசும் முதல் நிறமாலைக் கோடு 28 மைக்ரானில் எழுவதற்குச் சுமார் 510 கெல்வின் ஆற்றல் வேண்டும், மேகங்களோ 10 முதல் 20 கெல்வின் குளிரில் கிடக்கின்றன. ஆகவே அதனுடன் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடை அளக்கிறோம். 5.5 கெல்வின் ஆற்றலிலேயே எழும் அதன் 2.6 மில்லிமீட்டர் கோட்டை 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகிய மூவரும் ஓரியன் நெபுலாவில் முதன்முதலில் கண்டனர்.

முதலில் தரவைப் பெறுங்கள். சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கி வரிசையைக் கொண்டு ஃபேங்ஸ் என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழுவினர் 90 விண்மீன் மண்டலங்களை கார்பன் மோனாக்சைடின் அடுத்த கோடான 1.3 மில்லிமீட்டர் கோட்டில் வரைபடமாக்கி எவரும் பதிவிறக்கும்படி வெளியிட்டுள்ளனர். பயிற்சிக்கு என்ஜிசி 628 என்னும் சுருள் மண்டலம் மிகவும் ஏற்றது. அதை ஏறத்தாழ நேர்முகமாகப் பார்க்கிறோம், சாய்வு சுமார் 9 பாகை மட்டுமே. டிசம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணியளவில் அது நம் குமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட உச்சிவானில் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிக்சலிலும் கோட்டின் மொத்தச் செறிவைத் தரும் வரைபடங்களில் கண்டிப்பான வடிகட்டலும் தளர்வான வடிகட்டலும் தனித்தனியே கிடைக்கும். வாயுவின் மொத்த அளவை நாடுவோர் தளர்வானதையே எடுக்க வேண்டும். கண்டிப்பானது மங்கலான வாயுவைக் கழித்துவிடும்.

அடுத்தது நிறை. ஒரு பகுதியில் செறிவு 10 கெல்வின் கிலோமீட்டர்/நொடி என்று பயிற்சிக்காக வைத்துக்கொள்வோம். இதை, இரு கோடுகளின் செறிவுகளுக்கிடையே வழக்கமாகக் கொள்ளப்படும் விகிதமான 0.65 ஆல் வகுத்தால் 2.6 மில்லிமீட்டர் கோட்டுக்கு உரிய 15.4 கிடைக்கும். அதை 4.35 ஆல் பெருக்கி, சாய்வுக்காகக் கோசைன் 9 பாகையாலும் பெருக்கினால், ஒரு சதுர பார்செக்குக்கு (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) ஏறத்தாழ 66 சூரிய நிறை. 4.35 என்னும் இந்த எண், ஹீலியத்தையும் சேர்த்து நம் பால்வீதிக்கு வகுக்கப்பட்ட மாற்றுக் காரணி. முழுக் கணக்கிலும் மிகவும் ஐயத்துக்குரியது இதுவே; ஆதலால் நிரலின் நடுவே புதைத்துவிடாமல், முதல் வரியிலேயே பெயரிட்டு எழுதிவையுங்கள்.

விண்மீன் பிறப்பு வீதத்துக்கு ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளி, அதாவது இளம் விண்மீன்களைச் சூழ்ந்த ஹைட்ரஜன் வீசும் சிவப்பு ஒளி, வேண்டும். அதே குழுவினர் சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கியின் மியூஸ் என்னும் நிறமாலைக் கருவியால் 19 மண்டலங்களை எடுத்துள்ளனர். என்ஜிசி 628 அவற்றில் ஒன்று. தூசி விழுங்கிய ஒளியைத் திருத்த, ஹைட்ரஜன்-ஆல்ஃபாவுக்கும் ஹைட்ரஜனின் நீலப்பச்சைக் கோடான ஹைட்ரஜன்-பீட்டாவுக்கும் உள்ள விகிதம், தூசியில்லாதபோது இருக்கும் 2.86ஐவிட எவ்வளவு மிகுந்திருக்கிறது என்று பாருங்கள். திருத்திய ஒளிர்வை எர்க்/நொடி அலகில் எழுதி 5.37 × 10⁻⁴² ஆல் பெருக்கினால், ஆண்டுக்கு எத்தனை சூரிய நிறை விண்மீன்களாகிறது என்பது தெரியும்.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இரண்டு வரைபடங்களையும் பிக்சலுக்குப் பிக்சல் வகுத்தால் விடை பொருளற்றதாகிவிடும். வேளிமலையில் மேகம் அடைந்து நிற்கும் பொழுதும் குளத்தில் நீர் ஏறும் பொழுதும் ஒன்றல்லவே. ஒரே கணத்தில் மலையை மட்டும் பார்த்தவர் நீரில்லை என்பார், குளத்தை மட்டும் பார்த்தவர் மழைமேகம் இல்லை என்பார். மூலக்கூறு மேகங்களும் அத்தகையவை. ஒரு மேகம் சுமார் 1 முதல் 3 கோடி ஆண்டுகள் வாழ்கிறது. அது பெற்ற இளம் விண்மீன்கள் ஒளிரும்போது அது பெரும்பாலும் கலைந்துவிட்டிருக்கும். எனவே இரண்டையும் ஒரே தெளிவுத்திறனுக்குக் கொண்டுவந்து, ஏறத்தாழ ஒரு கிலோபார்செக் அகலமுள்ள கட்டங்களில் சராசரி எடுங்கள். 98.4 லட்சம் பார்செக் தொலைவிலுள்ள என்ஜிசி 628இல் அது சுமார் 21 வில்நொடி (ஒரு வில்நொடி ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு).

நம் பயிற்சிக் கட்டத்தில் ஒரு சதுர கிலோபார்செக்குக்கு 6.6 கோடி சூரிய நிறை வாயு இருக்கிறது. ஆண்டுக்கு 0.03 சூரிய நிறை விண்மீன்களாகிறது என்று கொண்டால், வாயு தீர 220 கோடி ஆண்டுகள் ஆகும். அருகிலுள்ள சுருள் மண்டலங்களின் வட்டுகளில் உண்மையாகவே சுமார் 200 கோடி ஆண்டுகள்தாம் கிடைக்கின்றன. அம்மண்டலங்களின் வயதோ 1000 கோடி ஆண்டுகளை நெருங்குவதால், அவற்றுக்கு வெளியிலிருந்து புது வாயு வந்து சேர வேண்டும். உங்கள் விடை சில ஆயிரம் ஆண்டுகள் என்று வந்தால், ஒரு சதுர கிலோபார்செக்கில் 10 லட்சம் சதுர பார்செக் உண்டு என்பதை மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

இதே 4.35ஐ, பால்வீதியின் துணை மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அங்கே கார்பன், ஆக்சிஜன் முதலான கன தனிமங்கள் சூரியனில் உள்ளதில் ஏறக்குறைய பாதியே. தூசியும் குறைவாதலால் புறஊதாக் கதிர் கார்பன் மோனாக்சைடைச் சிதைத்துவிடுகிறது, ஹைட்ரஜன் மூலக்கூறு மட்டும் தப்பி நிற்கிறது. அந்த மேகத்தைத் தமிழகத்தில் மிக உயரத்தில் காண வாய்ப்புள்ளவர்கள் நாம்தாம்: ஜனவரி இறுதியில் இரவு 9 மணியளவில், நிலவில்லாத நாளில், முட்டம் போன்ற ஒரு கடற்கரையில் இருநோக்கியுடன் நின்று நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில் தேடுங்கள்.