ரோப் காட்சிக்குக் கணக்கு மேலிருந்து தொடங்க வேண்டும்

டூப் கலைஞரை ரோப்பில் தூக்கும் காட்சியைப் பற்றிப் பேசும்போது, அவர் எவ்வளவு உயரம் எழும்புவார், எங்கே இறங்குவார் என்பதிலிருந்தே பெரும்பாலும் பேச்சு தொடங்குகிறது. ஸ்டண்ட் மாஸ்டர் அப்படிச் சிந்திப்பது இயல்பு. ரோப்பையும் கப்பிகளையும் கட்டி அமைக்கும் ரிக்கரோ, ரோப் எதில் தொங்குகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் குறிப்புகள் தேர்ந்த ரிக்கரின்கீழ் வேலை பழகுவோருக்கானவை. தனியே முயல்வதற்கு அல்ல.

70 கிலோ எடையுள்ளவர் அசையாமல் தொங்கினால் ரோப்பில் 70 கிலோ இழுவை இருக்கும். அதே ரோப் மேலே ஒரு கப்பியைச் சுற்றித் தரைக்கு வந்தால், இருபுறத்து இழுவையும் சேர்ந்து, கப்பியைப் பிடித்திருக்கும் இடத்தில் 140 கிலோ விழும். அவரைப் புவியீர்ப்புக்கு இணையான முடுக்கத்தில் வெடுக்கென மேலே இழுத்தால் ரோப்பில் 140, கப்பியில் 280. ஆளைத் தொங்கவிடும் வேலையில் பத்து மடங்கு பாதுகாப்பு வைப்பது வழக்கமாதலால், 2,800 கிலோ வரை, அதாவது ஏறத்தாழ 28 கிலோநியூட்டன் வரை, உடையாத தாங்குபுள்ளி தேவை. இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு: காராபினரில் (திறந்து மூடும் வாயுள்ள உலோகக் கொக்கி) பொறித்திருப்பது உடையும் சுமை, ஷேக்கிளில் (குறுக்காணியிட்டுப் பூட்டும் லாட வடிவ வளையம்) பொறித்திருப்பது அன்றாடம் ஏற்றத்தக்க வேலைச்சுமை. இரண்டையும் ஒரே அளவாக எண்ணிக் கணக்குப் போடக் கூடாது.

ஒரே புள்ளி கிடைக்காமல் இரண்டு புள்ளிகளிலிருந்து இரு கால்களாக ரோப்பைப் பிரித்துக் கட்டினால், அவற்றுக்கிடையிலான கோணத்தைக் கவனிக்க வேண்டும். 60 பாகையில் ஒவ்வொரு காலும் சுமையில் சுமார் 58 விழுக்காட்டைத் தாங்கும். 120 பாகையில் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்கும். 150 பாகையில் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே, உயரம் போதவில்லை என்று கால்களை விரித்துக் கட்டுவதைவிட, காட்சியின் உயரத்தைக் குறைத்துக்கொள்வதே மேல்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் படம்பிடிப்போருக்கு அங்குள்ள பழைய கடைவீடுகளின் மர உத்தரங்கள் கவர்ச்சியாகத் தோன்றும். வெளியே வலுவாகத் தெரிந்தாலும் கறையான் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்பதை எவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்நகரம் 2008 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருப்பதால் துளையிடுவதும் எளிதன்று. சொந்தச் சாரக்கோபுரமோ கிரேனோ கொண்டுவந்து, பொறியாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பெறுவதே முறை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த மலேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தத்தின்படி இடர் மதிப்பீடு செய்வது முதலாளியின் கடமையாகும். அதை நிரப்பிவைக்கும் படிவமாக மட்டும் கருதுவது ஆபத்து.

ரோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, டைனிமா என்னும் செயற்கை இழை ரோப் இலேசானது, நீளாதது என்றாலும் சுமார் 150 பாகை செல்சியஸில் உருகிவிடும் என்பதையும், வழுக்குவதால் அதில் முடிச்சு நம்பத்தக்கதன்று என்பதையும் மறக்கக் கூடாது. முனைகளைப் பின்னியே கண்ணி அமைக்க வேண்டும். நைலான் நனைந்தால் வலுக் குறையும்.

கலைஞரை ரோப்புடன் இணைக்கும் பட்டை அணியான ஹார்னஸில் இடுப்புக் கொக்கிகள் அவரது எடைமையத்துக்குச் சற்று மேலே இருந்தால் உடல் நிமிர்ந்து நிற்கும். சரியாக மையத்தில் இருந்தால் எளிதாகக் குட்டிக்கரணம் போடலாம். கொக்கிகள் மையத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அவர் தானாகவே தலைகீழாகிவிடுவார். எனவே ஹார்னஸை உடைக்குமேல் வைத்துப் பார்க்காமல், படப்பிடிப்பில் அணியும் அதே உடையின் உள்ளே அணிவித்துச் சோதிக்க வேண்டும். தொடைப்பட்டைக்குள் இரு விரல்கள் தட்டையாக நுழைந்தால் போதும். முறுக்கிய பட்டையை எக்காரணத்துக்காகவும் விட்டுவைக்கக் கூடாது.

முதலில் கலைஞரின் எடைக்கு நிகரான மணல்மூட்டை, பிறகு அதைவிடக் கனமானது, அதன் பிறகே ஆள், அதுவும் மெதுவான வேகத்தில். கோலாலம்பூர்க் குழுக்களில் மூன்று மொழிக்காரர்கள் ஒரே ரோப்பை இழுப்பதால் எண்ணிக்கை பெரும்பாலும் மலாயில்தான் நடக்கும்: "சாத்து, டுவா, தீகா." இழுப்பது "தீகா" என்ற சொல்லிலா, அதற்கு அடுத்த நொடியிலா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், பாதிப் பேர் இழுக்க மீதிப் பேர் காத்திருப்பார்கள். எண்ணுபவர் ஒருவர் மட்டுமே. ஆனால் "ஸ்டாப்" சொல்லும் உரிமை தேநீர் கொடுப்பவர் வரை அனைவருக்கும் உண்டு.

கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வருமாதலால், கிரேன் காட்சிகளைக் காலையிலேயே முடிக்கும்படி அட்டவணை போடுவது நல்லது. இடிச்சத்தம் கேட்டதும் ஆளை இறக்கி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

தூக்கும் இயந்திரம் நின்றுபோனால் கலைஞரை எப்படி இறக்குவது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும், ஏனெனில் ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்கு இரத்தம் கால்களில் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரக்கூடும். வேலை முடிந்ததும் ரோப்பை விரலால் தடவிப் பார்த்து, இழை கண்ணாடிபோல் பளபளத்தாலோ ஓரிடத்தில் விறைத்திருந்தாலோ, எவரும் மறுபடி எடுத்துக் கட்டாதபடி துண்டுதுண்டாக வெட்டிவிட வேண்டும்.