சிறிய அறக்கட்டளைக்கு இணையதளம்: எங்கிருந்து தொடங்குவது?

கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஓர் அறக்கட்டளையை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஐந்தாறு பேர், ஒரு பழைய லேப்டாப், நல்ல மனசு. இவ்வளவு இருந்தால் இணையதளம் அமைத்துவிடலாம்.

படி 1: இணைய முகவரியை அறக்கட்டளையின் பெயரில் வாங்குங்கள்

நான் உதவப்போன ஓர் அமைப்பில், தன்னார்வலர் ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்கியிருந்தார். வேலை கிடைத்து அவர் வெளியூர் போய்விட, புதுப்பிக்கச் சொல்லி வந்த அஞ்சல்களை யாரும் பார்க்கவில்லை. ரசீதுப் புத்தகம் வரை அச்சடித்த முகவரி கைவிட்டுப் போனது. எனவே அறக்கட்டளைக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை இரண்டு அறங்காவலர்களிடம் கொடுத்துவையுங்கள். முகவரி ‘டாட் ஆர்க்’ என்று முடிந்தால் நல்லது.

படி 2: நான்கு பக்கம் போதும்

யார் நாங்கள், என்ன செய்கிறோம், வரவு செலவு, நன்கொடை. தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம். ஹோஸ்டிங்குக்கு (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் சேவைக்கு) மட்டும் பணம் கட்ட வேண்டும். தமிழை யூனிகோடில் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) தட்டச்சு செய்யுங்கள். நோட்டீஸைப் படமாக ஏற்றினால் தேடுபவர் கண்ணில் படுவது கடினம். தணிக்கை அறிக்கையை ஆண்டுவாரியாகப் போடுங்கள். முன்பின் தெரியாதவர் பணம் அனுப்பும் முன் பார்க்க விரும்புவது அதைத்தான்.

படி 3: நன்கொடைப் பக்கம்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். பலர் க்யூஆர் கோடு படத்தை மட்டும் போட்டுவிடுகிறார்கள். செல்போனில் பக்கத்தைப் பார்ப்பவர் அதே செல்போனால் அதை எப்படி ஸ்கேன் செய்வார்? யுபிஐ முகவரியையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் நகலெடுக்கும்படி எழுத்தாகக் கொடுங்கள். கணக்கு அறக்கட்டளையின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

80ஜி பதிவு (நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு) இருந்தால் அதைச் சொல்லுங்கள். பெயர், முகவரி, பான் எண் கேட்கும் படிவமும் வையுங்கள். நிதியாண்டு முடிந்து மே 31க்குள் நன்கொடை விவரங்களை வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்யும்போது அவை தேவைப்படும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் அந்தச் சலுகை கிடையாது என்பதையும், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே அது பொருந்தும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம், வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கவே கூடாது. பதிவு பெற்றவர்களும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் முதலில் வாங்க முடியும். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற சொந்தக்காரர் அன்போடு அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம் ஆகாது. இந்த வித்தியாசத்தை நன்கொடைப் பக்கத்திலேயே தெளிவாக எழுதுங்கள்.

படி 4: படங்கள்

பிள்ளைகள் படத்தைப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். காப்பகம் நடத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். எழுதும் கைகள், வகுப்பறைச் சுவர், கரும்பலகை இவற்றை எடுத்தாலே போதும். முகம் காட்டி இரக்கம் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

படி 5: ஆட்களை வரவழைப்பது

ஏற்கெனவே உதவியவர்களிடமிருந்து தொடங்குங்கள். மாதம் ஒரு வாட்ஸ்அப் செய்தி, ஒரு படம், இணையதள இணைப்பு. தகுதியுள்ள அமைப்புகளுக்கு கூகுள் மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரத்தை இலவசமாகத் தருகிறது. ஆனால் முதல் மூன்று படிகளும் முடியாமல் அதற்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

எல்லாம் தயாரானதும், பக்கத்து வீட்டு அக்காவிடம் அவருடைய செல்போனிலேயே தளத்தைத் திறந்து பத்து ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். எதுவும் சொல்லித்தராமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அந்த இடத்தை அன்றைக்கே திருத்துங்கள்.