வெள்ளரிக்கு முதலில் பந்தல், பிறகு விதை

மாடியில் முதன்முதலாக வெள்ளரி போட்ட ஆண்டு, விதையை ஊன்றிவிட்டு அது முளைக்கும் மகிழ்ச்சியிலேயே இருந்துவிட்டேன். கொடி இரண்டடி நீண்டு தளத்தில் படர்ந்த பிறகுதான் கம்பு தேடிப் போனேன். படர்ந்த கொடிகளைத் தூக்கிக் கட்டியபோது, மூன்று கொடிகளில் இரண்டு, கணுவில் மடங்கி முறிந்தன. அதனால்தான் எல்லோரிடமும் இதை முதலில் சொல்கிறேன்: பந்தல் நின்ற பிறகு விதையைக் கையில் எடுங்கள்.

வயலில் வெள்ளரி தரையில் படர்வது இயல்பு. ஆனால் கான்கிரீட் தளம் வயல் அல்ல. வெயில் ஏறியதும் தளத்தின் சூட்டில் இலையும் பிஞ்சும் வெந்துவிடும். மேலே ஏற்றிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும், காய் வளையாமல் நேராகத் தொங்கும், ஒளிந்திருக்கும் பிஞ்சும் கண்ணில் படும்.

பந்தல்

ஏழடிச் சவுக்குக் கம்பு இரண்டு, மேலே குறுக்காக ஒரு மூங்கில், அதிலிருந்து தொங்க ஒரு வலை. இவ்வளவு போதும். வலைக்கண் உங்கள் முஷ்டி தாராளமாக நுழையும் அளவுக்கு இருக்கவேண்டும். ஏன் என்பது காய் பிடிக்கும்போது தெரியும். நைலான் வலை பல பருவங்களுக்கு வரும். எனக்குப் பிடித்தது தேங்காய்நார்க் கயிறு. அரையடி இடைவெளியில் மேலும் கீழுமாகக் கட்டி, குறுக்கே நான்கைந்து வரிசை ஓட்டிவிட்டால் அதுவே வலை. அதன் சொரசொரப்பைக் கொடி விரும்பிப் பற்றும், வழுக்காது.

மாடியில் குழி தோண்ட முடியாது என்று தயங்கவேண்டாம். பழைய பெயின்ட் வாளியில் கம்பை நிறுத்தி, மணலும் ஜல்லியும் கெட்டித்து நிரப்புங்கள். தளத்தில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அவற்றோடும் சேர்த்துக் கட்டுங்கள். கைப்பிடிச் சுவரோடு மட்டும் கட்டினால் போதாது, மேல்பாதி ஆடும்.

நான் கோவைக்காரன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றின் வேகம் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், இலை நிறைந்த ஒரு வலை என்ன ஆகும்? அது பாய்மரத்தில் விரித்த பாய்தான். ஆகவே பந்தலைக் கிழக்கு மேற்காக நிறுத்துங்கள். காற்று அதன் ஓரத்தை மட்டும் தொட்டுப் போய்விடும். படிக்கட்டு அறையின் கிழக்குப் பக்கம் இடம் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே ஆறு மணி நேரமாவது வெயில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதை

ஒரு கொடிக்கு ஒன்றேகால் அடி அகலமும் ஆழமும் உள்ள ஒரு வளர்ப்புப் பை. செம்மண், தென்னைநார்க் கழிவு, தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். பையை வலையின் அடியில் ஒட்டி வைத்துவிட்டு விதையுங்கள். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதை வெள்ளரியின் வேர் பொறுக்காது. அரை அங்குல ஆழத்தில் இரண்டு விதைகள் ஊன்றுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நோஞ்சானை இழுத்துப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்கள். இழுத்தால் நல்ல செடியின் வேரும் அசையும்.

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் வெள்ளரிக்கு ஏற்றவை. விதை வாங்கும்போது சாலட் வெள்ளரியைக் கேளுங்கள். பழுத்ததும் வெடித்து மணக்கும் வெள்ளரிப்பழ வகையைத் தரைக்கே விட்டுவிடுங்கள். அந்தப் பழத்தின் எடையைச் சின்னப் பந்தல் தாங்காது.

கொழுகொம்பு

நான்கைந்து இலை வந்ததும் தண்டு நிமிர முடியாமல் சாயத் தொடங்கும். இலைக் கணுவிலிருந்து மெல்லிய பற்றுக்கம்பி நீளும். இந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள். தென்னை ஈர்க்குச்சி ஒன்றைப் பையில் ஊன்றி, வலையின் அடிக்கயிற்றில் சாய்த்துவிடுங்கள். கொடி ஏறும் முதல் படி அதுதான்.

பற்றுக்கம்பி வேலை செய்வதை ஒருமுறையாவது உட்கார்ந்து பாருங்கள். நுனி காற்றில் மெல்ல வட்டமிட்டுத் தேடும். எதையாவது தொட்டுவிட்டால் அந்தப் பக்கமாக வளைந்து சுற்றிக்கொள்ளும். பிறகு நடுப்பகுதி ஸ்பிரிங்போலச் சுருண்டு கொடியைத் தன் பக்கம் இழுக்கும். உற்றுப் பார்த்தால் சுருளின் ஒரு பாதி வலம்புரியாகவும் மறுபாதி இடம்புரியாகவும் இருக்கும். இரண்டு முனையும் பிடிபட்ட ஒன்று முறுக்கேற வேண்டுமானால் நடுவில் திசை மாறித்தான் ஆகவேண்டும். காற்று அசைக்கும்போது அறுந்து போகாமல் நீண்டு சுருங்குவது இந்தச் சுருளால்தான். ஆகவே பற்றிய கம்பியைப் பிரித்து வேறிடத்தில் மாட்ட முயலாதீர்கள். அது தன் இலையையோ பிஞ்சையோ பற்றி நெரித்தால் மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

கட்டுவது

பற்றுக்கம்பி இருக்கும்போது கட்டு எதற்கு? கொடி தானாக ஏறும், ஆனால் நீங்கள் நினைத்த பக்கம் ஏறாது. பக்கத்துச் செடியை நோக்கியும் போகும். முக்கால் அடிக்கு ஒரு கட்டு போட்டால் போதும். பழைய பருத்தி வேட்டியை விரலகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள், வாழைநாரும் ஆகும். தமிழ் எண் ௮ அல்ல, 8 என்ற வடிவில் ஒரு வளையம் கயிற்றையும் மறு வளையம் தண்டையும் சுற்றவேண்டும். தண்டுப் பக்க வளையத்தில் சுண்டுவிரல் நுழையவேண்டும், ஏனென்றால் தண்டு இன்னும் பருக்கும். நைலான் நூல் தண்டை அறுத்துவிடும்.

கட்டும் வேலையை விடியற்காலையில் செய்யாதீர்கள். இரவெல்லாம் நீர் குடித்த தண்டு விறைத்திருக்கும், சற்று வளைத்தாலே முறியும். பிற்பகல் நான்கு மணிக்கு அதே தண்டு துவண்டு, சொன்னபடி வளையும். என் முறிந்த கொடிகள் இரண்டும் காலையில் முறிந்தவை.

பக்கக் கிளைகள்

பக்கக் கிளைகளை எல்லாம் கிள்ளிவிட்டு ஒற்றைத் தண்டாக ஏற்றச் சொல்லும் செய்முறைகள் பசுமைக்குடில் வெள்ளரிக்கானவை. அந்த வகைகளில் பெண் பூக்களே நிறைந்திருக்கும், தேனீ வராமலே காய்க்கும். நம் சாதாரண வகைகளில் முதன்மைத் தண்டில் ஆண் பூ அதிகம், பெண் பூக்கள் பெரும்பாலும் பக்கக் கிளைகளில் வரும். எல்லாவற்றையும் கிள்ளினால் காயையும் சேர்த்துக் கிள்ளுகிறீர்கள்.

தரையிலிருந்து ஓரடி உயரம் வரை வரும் கிளைகளை மட்டும் நீக்குங்கள். அதற்கு மேல் வருவதை வளரவிட்டு, ஒரு பிஞ்சும் அதைத் தாண்டி இரண்டு இலையும் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். முதன்மைத் தண்டு மேல் மூங்கிலைத் தொட்டதும் அதன் நுனியையும் கிள்ளலாம்.

முதலில் ஆண் பூக்கள் மட்டும் பூத்து உதிரும், கவலை வேண்டாம். பின்னால் குட்டிப் பிஞ்சோடு வருவது பெண் பூ. தேனீ வராத மாடியாக இருந்தால், காலை ஒன்பது மணிக்குள் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவுங்கள்.

நீரை வேரில் ஊற்றுங்கள், இலையில் தெளிக்கவேண்டாம். இலை ஈரமாகவே இருந்தால் பூஞ்சாண நோய் எளிதில் வரும். பை காய்ந்து நனைந்து காய்ந்தால் காய் கசக்கும்.

காய் பிடித்ததும்

பிஞ்சு விரல் பருமனாகும்போது வலையைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். வலைக்கண்ணுக்குள் பாதி நுழைந்து நிற்கும் பிஞ்சை மெதுவாக ஒரு பக்கம் எடுத்துவிடுங்கள். விட்டால் பருத்து, இடுப்பில் கயிறு இறுகி நிற்கும். முஷ்டி அளவு வலைக்கண் கேட்டது இதற்குத்தான்.

விதைத்த ஐம்பது நாளுக்குள் பெரும்பாலும் முதல் காய் வரும். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். ஒரு காய் மஞ்சளாகும்வரை தொங்கினால், கொடி விதை முதிர்ந்துவிட்டதென்று அடுத்த பிஞ்சுகளைக் குறைத்துக்கொள்ளும். கையால் திருகாமல் காம்பைக் கத்தரியால் வெட்டுங்கள். ஒரு திருகலில் ஏறிய கொடி மொத்தமும் இறங்கிவிடக்கூடும்.

கொடி ஓய்ந்ததும் அடித்தண்டை வெட்டி, ஒரு வாரம் அப்படியே காயவிடுங்கள். தேங்காய்நார்க் கயிறு என்றால் கொடியோடு சேர்த்து அறுத்து உரக்குழியில் போட்டுவிடலாம். அதே பையில் உடனே பாகலோ புடலையோ வைக்காதீர்கள், அவையும் வெள்ளரிக் குடும்பமே. நான் புதுக் கயிறு கட்டி, காராமணி ஊன்றுகிறேன்.