ஜி5 குதிரையைச் சமாளித்த கதை

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுடன் ‘இரு குதிரை தற்காப்பு’ என்ற தொடக்கத்தை ஆடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும்: நாலாவது நகர்த்தலிலேயே வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து நம் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயான எஃப்7-ஐக் குறிவைக்கும். நாம் டி5 ஆட, வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டும். அங்கே குதிரையால் திருப்பி வெட்டினால், வெள்ளை எஃப்7-இல் தன் குதிரையைப் பலி கொடுக்கும். நம் ராஜா இ6 வரை வெளியே இழுக்கப்படும். அதனால் சி6-இல் நிற்கும் மற்றக் குதிரையை ஏ5-க்கு நகர்த்துவேன். ஆனால் ஒரு சிப்பாய் குறைவாக நின்று, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நேரம் கரையும்.

வரிசையை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, சிப்பாயைத் திரும்பப் பிடிக்கும் எண்ணத்தையே கைவிட்டேன். அதற்குப் பதில் கிடைப்பது நேரம். வெள்ளையின் பிஷப் இ2-க்குப் பின்வாங்கியதும் நான் எச்6 ஆடுவேன், அதன் குதிரை எஃப்3-க்குப் போனால் இ4, இ5-க்கு வந்தால் பிஷப் டி6. வெள்ளை டி4 தள்ளினால் ஆன்பாசான் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயைப் போகிற போக்கில் வெட்டுவது), பிறகு ராணி சி7. எச்2 மீது இரண்டு காய்களின் பார்வை!

கடைசிப் போட்டியில் அப்படியே வந்தது. எதிராளி எச்3-க்குச் சிப்பாயைத் தள்ளினார், நான் காஸ்லிங் செய்து (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி), பிஷப்பை எஃப்5-இல் வைத்து, யானைகளை நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஓரத்தில் கிடந்த ஏ5 குதிரைதான் மிச்சக் கவலை. சி5 தள்ளினால் அது சி6 வழியாகத் திரும்பிவிடும். அழகான குதிரை அது, பொறுமை வேண்டும்.

அப்புறம், எச்6-க்குப் பிறகு வெள்ளைக் குதிரை எஃப்3-க்குப் பதில் எச்3-க்குப் போகும் வழியையும் பாருங்கள். முதல் உலக சாம்பியன் ஸ்டீனிட்ஸ் விரும்பியது, அமெரிக்க வீரர் ஃபிஷர் 1963-இல் பிஸ்கையருக்கு எதிராக மறுபடி எடுத்து ஜெயித்தார்.