வாட்டர் பிளாக்கின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்துத் தேயுங்கள்

கணினியின் பிராசசர் மேல் உட்கார்ந்து, உள்ளே ஓடும் தண்ணீரால் அதன் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டிதான் வாட்டர் பிளாக். அதை வீட்டிலேயே செம்பில் செய்கிறீர்களா? பிராசசர் மேல் உட்காரும் பக்கம் சமதளமாக வர, எமரித் தாளைக் கையில் பிடித்துத் தேய்க்காதீர்கள். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் நீரில் நனைத்த எமரித் தாளை விரித்து, அதன் மேல் பிளாக்கை வைத்து, அதிகம் அழுத்தாமல் தேயுங்கள். முதலில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக்கொண்டால் பள்ளம் எங்கே என்று தெரியும்: அங்கே கோடு அழியாது. 400-ஆம் எண் தாளில் தொடங்கி 800 வரை போனால் போதும். முகம் பார்க்கிற அளவு பளபளப்பு வெறும் அழகுக்குத்தான்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவது; அந்தச் சமதளம் மலிவாக வேறு எதிலும் கிடைக்காது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 400 வாட். பிளாக்குக்கும் பிராசசருக்கும் நடுவே இடைவெளியை நிரப்பத் தடவும் சாதாரண தெர்மல் பேஸ்ட் 10-ஐ எட்டுவதே அபூர்வம். ஆகவே நடுவில் பேஸ்ட் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது; அதற்குத்தான் இந்தச் சமதளம்.

பற்றவைக்கும் வேலை பாக்கியிருந்தால் தேய்ப்பதைத் தள்ளிப்போடுங்கள். சூட்டில் தகடு மறுபடி வளையும். நிக்கல் பூசிய பிளாக்குக்கு இது ஆகாது, பூச்சு போய்விடும். பிராசசரின் மூடியே வளைந்திருந்தாலும் பெரிய பலன் இருக்காது.