கிரிஸ்லி கரடிகள் திரியும் காட்டு நடைக்குக் கைத்துப்பாக்கி தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் மலைக்காடுகளில் பல நாள் நடக்கப் போகிறவர்களில் சிலர், கரடிக்கு அஞ்சிக் கடையில் இருப்பதிலேயே பெரிய ரிவால்வரை வாங்கிவிடுகிறார்கள். பயத்தில் நடுங்கும்போதும் உங்கள் கை எந்தத் துப்பாக்கியால் குறி தவறாமல் சுடுமோ, அதுவே உங்களுக்கு உரியது.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. 2010 பிப்ரவரி முதல், மாநிலச் சட்டம் அனுமதித்தால் தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கி கொண்டுசெல்லலாம், ஆனால் அங்குள்ள பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் துப்பாக்கியுடன் நுழையக் கூடாது.

அடுத்து, துப்பாக்கிக்கு முன்பே, கரடியை விரட்டும் மிளகாய்க்காரத் தெளிப்பானான கரடி ஸ்பிரேயை வாங்குங்கள். அலாஸ்கா சம்பவங்களைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகளுக்கு (கிரிஸ்லியும் இந்த இனமே) எதிராக ஸ்பிரே அடிக்கப்பட்டவற்றுள் 92 சதவீதம் பலன் தந்தது. துப்பாக்கி அதற்குத் துணையே அன்றி மாற்று அன்று.

மூன்றாவதாகத் துப்பாக்கி வகை. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். .44 மேக்னம் என்னும் பெரிய தோட்டாவைச் சுடும் ரிவால்வரின் அடி பலமானது, ஆனால் ஆறே தோட்டாக்கள். ஸ்மித் அண்ட் வெசன் 329பிடி போல ஏறக்குறைய 700 கிராம் எடையுள்ளதாக இருந்தால் நாள் முழுக்கச் சுமக்க எளிது, சுடும்போதோ அந்த லேசான உடலே உதைப்பை உள்ளங்கையில் இறக்கிவிடும். 10 மி.மீ. க்ளாக் 20 பிஸ்டலில் 15 தோட்டாக்கள், உதைப்பும் குறைவு. இரண்டையும் பயிற்சிக் களத்தில் வாடகைக்கு எடுத்து, ஏழு மீட்டர் தொலைவில் சாப்பாட்டுத் தட்டளவு தாளை மாட்டி, ஐந்து குண்டுகளை வேகமாகச் சுட்டுப் பாருங்கள். இரண்டாவது குண்டே தட்டுக்கு வெளியே போனால், அந்த ஆற்றல் உங்கள் கைக்கு அதிகம்; சிறிய தோட்டாவான .357 மேக்னத்துக்கு இறங்குவதில் குறையேதும் இல்லை.

அடுத்தது குண்டு. மனிதர்களிடமிருந்து தற்காத்துக்கொள்வதற்கென விற்கப்படும் குழிமுனைக் குண்டு உடலுக்குள் விரிந்து சீக்கிரம் நின்றுவிடும். கரடியின் கொழுப்பையும் எலும்பையும் துளைக்க, கடினமாக வார்த்த தட்டைமுனை ஈயக் குண்டு வேண்டும். சில பிஸ்டல்களின் குழலுக்குப் பூச்சில்லாத ஈயம் ஆகாது என்பதால் கையேட்டைப் படித்தபின் வாங்குங்கள்.

கடைசியாக உறை. முதுகுப்பையின் இடுப்புவார் இடுப்புறையை மூடிக்கொள்வதால், விசையை முழுதும் மறைக்கும் மார்புறையே பொருத்தம். கிரிஸ்லி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். முப்பது மீட்டரை ஏறக்குறைய இரண்டே நொடியில் கடந்துவிடும். எனவே பையை மாட்டிக்கொண்டு, தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதிசெய்த துப்பாக்கியை உருவிப் பழகுங்கள். பிறகு கூடாரத்துக்குள், உறக்கப்பையில் படுத்தபடியும் அதையே செய்து பாருங்கள்.