போல்ட் வாங்கும்போது தலையைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம் என் பட்டறையில் குறுவை உழவு தொடங்கிவிட்டால், டிராக்டரில் மாட்டிக் கத்தியால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் வேலைதான். ஒருமுறை அவசரத்துக்குக் கத்தியில் சாதா போல்ட்டைப் போட்டு அனுப்பிவிட்டேன். மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர், ஓட்டுவதற்குள் ஒரு கத்தி கழன்று சேற்றுக்குள் போய்விட்டது. மறுநாள் காலை நடவுக்குப் பெண்கள் வெறுங்காலோடு இறங்கும் வயல் அது. இருட்டும் வரை முழங்கால் சேற்றில் துழாவித்தான் எடுத்தோம். முறிந்த போல்ட்டின் தலையைத் துடைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது, ஒரு எண்கூட இல்லை.

அந்த எண்தான் முக்கியம். 8.8 என்றிருந்தால், முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை தாங்கும் என்பதைச் சொல்கிறது. அடுத்த எட்டு, அதில் 80 சதவீதத்துக்கு மேல் இழுத்தால்தான் போல்ட் நிரந்தரமாக நீளும் என்பதைச் சொல்கிறது. 10.9 இன்னும் வலு. கத்திக்கு இந்த ஹைடென்சில், அதாவது அதிக இழுவை தாங்கும் போல்ட்தான். கொட்டகை, வேலிக்கதவுக்கு 4.6 போதும், வீணாகக் காசு போடாதீர்கள்.

அடுத்தது அளவு. பழைய பம்புசெட்டில் நூல் கணக்குதான் இருக்கும். நாலு நூல் என்றால் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். பார்வைக்கு 12 எம்எம் போல்ட் மாதிரியே தெரியும், ஆனால் மரை வேறு. நட்டு ஒன்றிரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். ஸ்பானர் போட்டு அழுத்தினால் இரண்டும் பாழ். சாதா நட்டு முழுக்கக் கையாலேயே ஏற வேண்டும், கடைசி இறுக்கத்துக்குத்தான் ஸ்பானர். சந்தேகமிருந்தால் பழைய போல்ட்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

புதுக் கத்தி மாட்டினால் சற்று நேரம் ஓட்டிவிட்டு, வண்டியை அணைத்து, எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். நைலான் வளையம் வைத்த நட்டைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். வளையம் தேய்ந்ததும் பிடிப்பு போய்விடும்.

வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று ஊர்க்காரர்கள் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் கேட்பார்கள். பம்புக்குச் சரி, அதிலும் 316 என்ற ரகம் நல்லது. மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மெதுவாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் நட்டு அப்படியே கவ்விக்கொள்ளும். துரு பிடிக்காது என்பதற்காகக் கத்தியில் மட்டும் போட வேண்டாம்.

மிச்சத்தை உரச்சாக்கில் கட்டி வைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் உரம் ஈரத்தை இழுத்து ஐப்பசி மழைக்குள் துருவாக்கிவிடும். நான் நட்டு, வாஷரை அதனதன் போல்ட்டிலேயே மாட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து, மூடி போட்ட ஊறுகாய் டப்பாவில் அளவு எழுதி, தரையில் வைக்காமல் பலகையில் வைக்கிறேன். 8.8-க்கும் 10.9-க்கும் தனித்தனி டப்பா. தலையில் எண் இல்லாதவை ரொட்டவேட்டர் இருக்கும் பக்கமே வராது.